ஊழியர்கள் வெளியே அனுப்பும் மின்னஞ்சலுக்கு சர்வரிலேயே நகல் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: “நம்ம ஆட்கள் வெளியே அனுப்புகிற மெயிலுக்கெல்லாம் நமக்கும் ஒரு காப்பி வருகிற மாதிரி செய்ய முடியுமா?” முடியும். பல சர்வர்களில் ஒரே ஒரு வரி போதும். அது அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் என் கவலையும். அந்த வரியை எங்கே எழுதுவது என்பதோடு, எழுதுவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், அடிக்கோட்டோடு எழுத வேண்டும்.

இப்படி நகல் எடுப்பதற்கு நியாயமான காரணம் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர் வாடிக்கையாளருக்கு என்ன விலை எழுதிக் கொடுத்தார், எந்தத் தேதியில் என்ன ஒப்புக்கொண்டார் என்று ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டி வரும். சில தொழில்களில் சட்டமே வைக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனங்கள் தொழில் சம்பந்தமான கடிதப் போக்குவரத்தைக் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதில் முதல் 2 ஆண்டுகள் உடனே எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

“யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கலாம்” என்பது நியாயமான காரணம் இல்லை. கேட்பவர் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதித் தரத் தயங்கினால், வேலையை அங்கேயே நிறுத்திவையுங்கள்.

அனுப்பியவரின் ‘சென்ட்’ ஃபோல்டரிலேயே எல்லாம் இருக்குமே, அது போதாதா?

போதாது. ‘சென்ட்’ ஃபோல்டரில் இருப்பது, மெயில் செயலி தானாக எழுதி வைக்கும் பிரதி. சர்வர் அதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அனுப்பியவர் நினைத்தால் அழிக்கலாம். சில செயலிகள் அதைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும், சர்வருக்கு வரவே வராது. அந்த லேப்டாப் போனால் அதுவும் போச்சு.

சர்வர் எந்த இடத்தில் நகல் எடுக்கிறது? அனுப்பியவரோ பெறுபவரோ கண்டுபிடிக்க முடியுமா?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பதில்களெல்லாம் தானாக விளங்கும். மின்னஞ்சலில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று கடிதம்: ‘ஃப்ரம்’, ‘டு’, ‘சப்ஜெக்ட்’ என்று நாம் திரையில் பார்ப்பது. இன்னொன்று உறை. செயலி சர்வரோடு பேசும்போது “இது இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு” என்று தனியாகச் சொல்லும் விவரம்தான் உறை. சர்வர் உறையைப் பார்த்துத்தான் மெயிலைக் கொண்டுசேர்க்கிறது. கடிதத்துக்குள் ‘டு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அல்ல.

நகல் எடுக்கும்போது சர்வர் உறையில் ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்க்கிறது, அவ்வளவுதான். கடிதத்தில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. அதனால் பெறுபவரின் கையில் கிடைப்பதில் நகலின் அடையாளம் எதுவும் இருக்காது. டிகேஐஎம் கையெழுத்தும் (மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்ட சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து) கெடாது, ஏனென்றால் அது கடிதத்தின் மீது போடப்படுவது, உறையின் மீது அல்ல.

அனுப்பியவருக்கும் சாதாரணமாகத் தெரியாது. ஏதாவது தப்பாகப் போகிற அன்று தெரிந்துவிடலாம். அந்தக் கதை கீழே வருகிறது.

போஸ்ட்ஃபிக்ஸில் எப்படிச் செய்வது?

போஸ்ட்ஃபிக்ஸ் என்பது லினக்ஸ் சர்வர்களில் மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள். தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘ஆல்வேஸ்_பிசிசி’ (பிசிசி என்பது மற்றப் பெறுநர்களுக்குத் தெரியாமல் போகும் நகல்). போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல் இதற்கு ஒரு முகவரி கொடுத்தால், சர்வருக்குள் நுழையும் ஒவ்வொரு மெயிலும் அங்கே நகலாகும். உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளுக்குள் போவது எல்லாமே.

இதைத் தயவுசெய்து போடாதீர்கள். அதே சர்வர் வழியாக உங்கள் இணையதளம் வாடிக்கையாளர்களுக்குக் கடவுச்சொல் மாற்றும் இணைப்பை அனுப்பினால், அந்த இணைப்புகளும் நகல் பெட்டியில் வந்து விழும். பெட்டியைத் திறக்க முடிந்தவர், இணைப்பு காலாவதியாவதற்குள் யாருடைய கணக்குக்குள்ளும் போகலாம். ஊழியரின் மெயிலுக்கு நகல் கேட்டவர் இதைக் கேட்கவே இல்லை.

நமக்கு வேண்டியது ‘சென்டர்_பிசிசி_மேப்ஸ்’. போஸ்ட்ஃபிக்ஸ் 2.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. அனுப்புபவரின் உறை முகவரியைப் பார்த்து நகல் எடுப்பது இது. மெயின்.சிஎஃப்-இல் இப்படி ஒரு வரி:

சென்டர்_பிசிசி_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/நகல்

அந்தக் கோப்புக்குள் இடது பக்கம் ஊழியரின் முகவரி, வலது பக்கம் நகல் போகவேண்டிய முகவரி:

விற்பனை@நிறுவனம்.காம்   பெட்டகம்@நிறுவனம்.காம்

இடது பக்கத்தில் வெறும் ‘@நிறுவனம்.காம்’ என்று போட்டால் அந்த டொமைனில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். நான் அப்படிப் போடுவதில்லை. மனிதவளத் துறை, புகார்களை விசாரிக்கும் குழு, சட்ட ஆலோசகர் போன்ற சிலரை விலக்கியே ஆக வேண்டும். முகவரி முகவரியாக எழுதிவிட்டால், யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது கோப்பைத் திறந்தாலே தெரியும். புதிதாக வந்தவரைச் சேர்க்க மறந்துபோகும் ஆபத்து இருக்கிறது, சரி. ஆனால் சேர்க்கக் கூடாதவரைச் சேர்த்துவிடுவதைவிட அது சின்னத் தவறு.

கோப்பைச் சேமித்ததும் அதன் மீது ‘போஸ்ட்மேப்’ ஓட்டுங்கள் (பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் கட்டளை அது). மெயின்.சிஎஃப்-ஐ மாற்றியதற்கு ஒரு முறை ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்’. பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கும்போதெல்லாம் ‘போஸ்ட்மேப்’ மட்டும் போதும், மாற்றத்தை போஸ்ட்ஃபிக்ஸ் தானே கவனித்துக்கொள்ளும். சில புதிய லினக்ஸ்களில் ‘ஹேஷ்’ வகை கிடையாது, ‘எல்எம்டிபி’ என்று போட வேண்டியிருக்கும். ‘போஸ்ட்கான்ஃப்’ கட்டளையை ‘எம்’ தேர்வோடு ஓட்டினால் உங்கள் சர்வரில் எந்தெந்த வகைகள் உண்டு என்று பட்டியல் வரும்.

ஒரு வரிக்கு வலது பக்கம் ஒரே ஒரு முகவரிதான் எழுதலாம். கமா போட்டு இரண்டு எழுதினால் வேலை செய்யாது. இரண்டு இடத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு ஏலியாஸை (வரும் மெயிலை வேறு முகவரிகளுக்குத் திருப்பும் மாற்றுப்பெயரை) உருவாக்கி, அதன் கீழே இரண்டையும் வையுங்கள்.

அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் அனுப்புவதும் நகலாகிறதே? வெளியே போவது மட்டும் போதும்.

‘சென்டர்_பிசிசி_மேப்ஸ்’ யார் அனுப்பினார் என்று மட்டும்தான் பார்க்கும். யாருக்கு என்று பார்க்காது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் இதற்கு நல்ல வழி இருக்கிறது. பெறுபவர் முகவரியைச் சோதிக்கும் ‘செக்_ரெசிப்பியன்ட்_ஆக்சஸ்’ பட்டியலில் ‘பிசிசி’ என்பதையே ஒரு செயலாக எழுதலாம். ‘பிசிஆர்இ’ வகைப் பட்டியல் முகவரியை ஒரு எழுத்து வடிவத்தோடு பொருத்திப் பார்ப்பது; அதில் வடிவத்துக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் “இதற்குப் பொருந்தாதவை” என்று அர்த்தம். ஆக, “நம் டொமைனில் முடியாத முகவரி என்றால் பெட்டகத்துக்கு ஒரு நகல்” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இதை ஊழியர்கள் கடவுச்சொல் கொடுத்து மெயில் அனுப்பும் 587 போர்ட்டுக்கு மட்டும் வையுங்கள். சர்வரிலேயே ஓடும் நிரல்கள் நேரடியாக வரிசையில் போடும் மெயில் இதில் சிக்காது. பெரும்பாலும் அது நல்லதுதான். ஒரே மெயிலில் இப்படிப் பல ‘பிசிசி’ செயல்கள் வந்தால் 3.0 பதிப்பு கடைசியாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைக் கொடுப்பது நல்லது.

எக்ஸிமில்?

எக்ஸிம் இன்னொரு மெயில் சர்வர் மென்பொருள். அதன் சிஸ்டம் ஃபில்டர் கோப்பில் ‘அன்சீன் டெலிவர்’ என்று எழுதி, பக்கத்தில் நகல் முகவரி. ‘அன்சீன்’ என்ற சொல் முக்கியம். அதை விட்டுவிட்டால் மெயில் நகல் பெட்டிக்கு மட்டும் போய், உரியவருக்குப் போகாமல் நின்றுவிடும். ‘ஃபர்ஸ்ட்_டெலிவரி’ நிபந்தனையையும் சேருங்கள். இல்லையென்றால் எதிர்ப்பக்க சர்வர் கொஞ்ச நேரம் படுத்திருந்தால், ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஒரு நகல் வந்து குவியும்.

எக்ஸ்சேஞ்ச், கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் இரண்டு வழி. ஒன்று, மெயில் ஃப்ளோ ரூல்: அனுப்புபவர் உள்ளே, பெறுபவர் வெளியே என்று நிபந்தனை வைத்து, செயலாக ஒரு முகவரியை பிசிசி-யில் சேர்க்கலாம். இன்னொன்று ஜர்னலிங். பதிவேடு வைப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. மூல மெயிலை அப்படியே இணைப்பாக வைத்து, மேலே ஒரு அறிக்கை எழுதி அனுப்பும். அந்த அறிக்கையில் உறையில் இருந்த எல்லாப் பெயரும் இருக்கும். காரணம் சட்டப்பதிவு என்றால் ஜர்னலிங்தான் சரி. ஆனால் கிளவுடில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், ஜர்னல் போய்ச் சேரும் பெட்டி அதே எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இருக்கக் கூடாது. வெளியே ஒரு காப்பகம் வேண்டும். இதைத் தெரியாமல் தொடங்கிவிட்டு நடுவில் நிற்பவர்கள் உண்டு.

கூகுளில் அட்மின் கன்சோலில் ஜிமெயிலின் ‘ரூட்டிங்’ பகுதியில், வெளியே போகும் மெயிலுக்குக் கூடுதல் பெறுநரைச் சேர்க்கலாம். தேடி எடுப்பதற்காகப் பாதுகாத்து வைப்பதுதான் நோக்கம் என்றால், உங்கள் சந்தாவில் ‘வால்ட்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நகலே தேவைப்படாது.

ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு நகல் வருகிறது. ஏன்?

அமாவிஸ் மாதிரி, வைரஸையும் ஸ்பேமையும் சோதிக்கும் ஒரு வடிகட்டி இடையில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். மெயில் போஸ்ட்ஃபிக்ஸுக்குள் வருகிறது, நகல் சேர்கிறது. வடிகட்டிக்குப் போய்விட்டு மறுபடி போஸ்ட்ஃபிக்ஸுக்குள் நுழைகிறது. அதை இன்னொரு புது மெயில் என்று நினைத்து, மறுபடி நகல் சேர்க்கிறது.

போஸ்ட்ஃபிக்ஸுக்குள் மெயில் நுழையும் வாசல்களை வரையறுக்கும் மாஸ்டர்.சிஎஃப்-இல் ‘ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸ்’ என்பதற்கு ‘நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ்’ என்று கொடுங்கள், இரண்டு வாசலில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும். நான் வடிகட்டிக்கு முந்தைய வாசலில் கொடுப்பேன். அப்போது வடிகட்டியைத் தாண்டி உண்மையில் வெளியே போன வடிவம்தான் நகலாகும். அவசரத்தில் இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் நகலும் வராது, விர்ச்சுவல் ஏலியாஸ்களும் வேலை செய்யாது. இதே அமைப்புதான் அந்த ஏலியாஸ்களை விரிப்பதையும் நிறுத்துகிறது.

ஊழியர் பிசிசி-யில் யாரையாவது போட்டிருந்தால் நகலில் தெரியுமா?

தெரியாது. பிசிசி பெயர்கள் உறையில் மட்டும் பயணம் செய்யும். பெட்டகத்தில் இருக்கும் கடிதத்தில் ‘டு’, ‘சிசி’ மட்டும் தெரியும். மெயில் லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) அதே கியூ எண்ணை, அதாவது வரிசையில் அந்த மெயிலுக்கு சர்வர் கொடுத்த எண்ணை தேடினால் எல்லாப் பெறுநரும் வரிவரியாக இருப்பார்கள். ஆகவே நகலை ஒரு வருடம் வைக்கிறீர்கள் என்றால் லாகையும் ஒரு வருடம் வையுங்கள். சில வாரங்களில் லாகைச் சுழற்றி அழித்துவிட்டு நகலை மட்டும் வைத்திருந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

நகல் பெட்டி நிறைந்துவிட்டால் என்ன ஆகும்?

நான் பட்டபாட்டைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நகல் அமைப்பை நான்தான் போட்டேன். ஊழியர்களிடம் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். அவர்கள் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா, அச்செடுத்த காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். அவர் ஒரு வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். “உங்கள் மெயிலை ‘பெட்டகம்’ என்ற முகவரிக்குச் சேர்க்க முடியவில்லை” என்று அவருக்குத் திரும்பி வந்திருக்கிறது. “நான் இந்த முகவரிக்கு எதுவுமே அனுப்பலையே, சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அன்று பார்த்தது கோபம்கூட இல்லை. அதற்கப்புறம் நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

நடந்தது இதுதான். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பெட்டியின் அளவு வரம்பு, நீங்கள் மாற்றாவிட்டால், 5,12,00,000 பைட். ஏறக்குறைய 50 எம்பி. எல்லா மெயிலும் ஒரே கோப்பில் சேரும் பழைய முறையில் வைத்திருந்தேன். நிறைந்ததும் நகல் திரும்பியது. போஸ்ட்ஃபிக்ஸ் 2.3 முதல், சேர்க்க முடியாவிட்டாலும் அனுப்புநருக்குச் சொல்லாதே என்ற குறிப்போடுதான் நகல் முகவரி சேர்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றாலோ, அந்தக் குறிப்பை மதிக்காத மென்பொருள் வழியில் இருந்தாலோ, நகல் திரும்பும்போது அது உறையில் இருக்கும் அனுப்புநருக்கு, அதாவது ஊழியருக்கே போகும். சர்வருக்குத் தெரிந்த அனுப்புநர் அவர்தானே.

இதற்கு மூன்று காரியம் செய்யுங்கள். பெட்டியை ‘மெயில்டிர்’ முறையில் வையுங்கள். அதில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு என்பதால் அந்த வரம்பு முழுப் பெட்டிக்குப் பொருந்தாது. அடுத்து, நகல் முகவரியை சர்வரிலேயே ஒரு லோக்கல் ஏலியாஸாக்கி, ‘ஓனர்-’ என்று தொடங்கும் இன்னொரு ஏலியாஸையும் சேர்த்து, அதை உங்கள் முகவரிக்குத் திருப்புங்கள். அப்போது திரும்பும் அறிவிப்பு ஊழியருக்குப் போகாமல் உங்களுக்கு வரும். மூன்றாவது, வட்டில் இடம் குறைந்தால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். மூன்றையும் விட முக்கியமானது, ஊழியர்களிடம் முன்பே சொல்லியிருப்பது. சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு அது ஒரு தொழில்நுட்பக் கோளாறு மட்டும்தான்.

எவ்வளவு இடம் தேவைப்படும்?

இணைப்புகள் மெயிலில் போகும்போது ‘பேஸ்64’ முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். 9 எம்பி கோப்பு 12 எம்பியைத் தாண்டும். 30 பேர், ஆளுக்கு நாளைக்கு 40 மெயில், சராசரி 200 கேபி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 240 எம்பி. வேலை நாள் 250 என்றால் வருடத்துக்கு 60 ஜிபி. உங்கள் சராசரியை ஒரு வாரத்து லாகிலிருந்து எடுங்கள். வரிசையில் நுழையும் ஒவ்வொரு மெயிலுக்கும் அளவு அங்கே எழுதியிருக்கும்.

எல்லா நகலும் ஒரே குவியலாக விழுகிறது. ஆள்வாரியாகப் பிரிக்க முடியுமா?

முடியும். ‘ஹேஷ்’ பட்டியலுக்குப் பதில் ‘பிசிஆர்இ’ பட்டியல் வைத்து, அனுப்புநர் பெயரை நகல் முகவரியில் கூட்டல் குறிக்குப் பின்னால் ஒட்டுங்கள்: ‘பெட்டகம்+விற்பனை@நிறுவனம்.காம்’ என்பது போல. ‘ரெசிப்பியன்ட்_டிலிமிட்டர்’ கூட்டல் குறியாக இருக்க வேண்டும். பெட்டியை டவ்காட் (மெயில் பெட்டிகளைப் பராமரிக்கும் மென்பொருள்) கவனித்தால், எல்எம்டிபி வழியாக வரும் மெயிலை ‘எல்எம்டிபி_சேவ்_டு_டீட்டெய்ல்_மெயில்பாக்ஸ்’ அமைப்பு அந்தப் பெயருள்ள ஃபோல்டரில் போடும் (இந்த எல்எம்டிபி மெயில் சேர்க்கும் நெறிமுறை, மேலே சொன்ன பட்டியல் வகை வேறு). ‘ஓனர்-’ ஏலியாஸையும் இதையும் ஒன்றாகப் போட்டால் கூட்டல் பகுதி வழியில் உதிர்ந்துவிடும். இரண்டில் ஒன்றுதான்.

ஊழியர்களுக்குத் தெரியாமல் செய்யலாமா?

செய்யாதீர்கள். “கம்பெனி சர்வர், கம்பெனி மெயில், எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று கேட்பார்கள். ஓரளவு உண்டு. ஆனால் வேலை நேரத்தில், வேலை மெயிலில்கூட மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் எழுதத்தான் செய்வார்கள். மருத்துவமனைக்கு அனுப்பிய பரிசோதனை அறிக்கை, பிள்ளையின் பள்ளிக்கு எழுதிய கடிதம், வங்கிக்கு அனுப்பிய அடையாள அட்டை, இவையெல்லாம் பெட்டகத்தில் கிடக்கும். மறுமுனையில் எழுதுபவரும் இருக்கிறார். ஊழியர் பதில் எழுதும்போது அவர் எழுதியதும் கீழே சேர்ந்து நகலாகும். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற பொறியாளர், அலுவலக வேலைக்காகத் தொடங்கிய மெசஞ்சர் கணக்கில் சொந்த விஷயம் பேசினார் என்று 2007-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பேசியதை நிறுவனம் அச்செடுத்து முன்னால் வைத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016-இல் முதலில் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. ஆனால் அதன் பெரிய அமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று, 11-க்கு 6 என்ற கணக்கில், அவருடைய தனிவாழ்க்கை உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. சொந்த விஷயத்துக்குக் கணினியைப் பயன்படுத்தக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் எழுதுவதன் உள்ளடக்கத்தையே நிறுவனம் படிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியதாகத் தெரியவில்லை. அந்த வித்தியாசம் பெரியது. முன்னறிவிப்பு உண்டா, எந்த அளவுக்குக் கண்காணிப்பு, அதற்குத் தகுந்த காரணம் உண்டா, இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்று நீதிமன்றம் வரிசையாகக் கேட்டது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நான் இப்போது எந்த சர்வரிலும் நகல் போடுவதில்லை.

அறிவிப்பில் இவை இருக்கட்டும்: வெளியே அனுப்பும் மெயிலின் முழு உள்ளடக்கமும் நகலாகிறது, எதற்காக, எவ்வளவு நாள் இருக்கும், யார் எந்தச் சூழலில் திறக்கலாம், சொந்த மெயிலுக்கு ஊழியர் என்ன செய்யலாம். எளிய மொழியில் ஒரு பக்கம் போதும். பணி நியமனக் கடிதத்தின் பதினேழாவது பத்தியில் ஒளித்துவைத்தால் அது அறிவித்ததாகாது.

பெட்டியை யார் திறக்கலாம்?

முதலில், யாருடைய சொந்த இன்பாக்ஸுக்கும் நகலைத் திருப்பாதீர்கள். மேனேஜரின் இன்பாக்ஸில் நகல் வந்து விழுந்தால் அவர் படிக்காமல் இருக்க மாட்டார். நல்லவராக இருந்தாலும் படிப்பார், எதிரே கிடக்கிறதே. தனிப் பெட்டி, யாருடைய ஃபோனிலும் சேர்க்கப்படாத பெட்டி வேண்டும்.

நான் செய்வது இது: பெட்டியின் கடவுச்சொல்லை இரண்டு பாதியாக்கி இரண்டு பேரிடம் கொடுத்துவிடுவேன். திறக்க இரண்டு பேரும் வர வேண்டும். எந்தத் தேதி, எந்தக் காரணம், எந்த மெயில் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்வர் அட்மினால் கோப்பை நேரடியாகத் திறக்க முடியும் என்பது உண்மைதான். அதனால் அட்மினின் நுழைவும் லாகாகி, அவர் கை எட்டாத இன்னொரு கணினிக்குப் போக வேண்டும். இது என்னையும் கட்டும், கட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு திருடன் நுழைந்தால் முதலில் தேடுவதும் இந்தப் பெட்டியைத்தான், நிறுவனத்தின் எல்லா ரகசியமும் ஒரே இடத்தில் இருக்கிறது.

“இந்த ஒருவருக்கு மட்டும் போடு, யாரிடமும் சொல்லாதே” என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்கிறார்.

“எழுதிக் கொடுங்கள் சார், உடனே செய்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். யார் கேட்கிறார், யாருடைய மெயில், என்ன காரணம், எந்தத் தேதிவரை. மனிதவளத் துறை, சட்டத் துறை இரண்டும் அதில் கையெழுத்திட வேண்டும். உண்மையான விசாரணை என்றால் இதெல்லாம் அரை நாளில் கிடைத்துவிடும். இல்லையென்றால் பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுபோகும். முடிவுத் தேதியை அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். மறந்துபோன ஒரு வரி வருடக்கணக்கில் ஒருவரின் மெயிலை நகலெடுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் எப்போதோ வேலை மாறிப் போயிருந்தார்.

ஊழியர் நினைத்தால் நகலிலிருந்து தப்ப முடியுமா?

சொந்த மெயில் கணக்கைத் திறந்தால் முடியும், உங்கள் சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை. கடிதத்தையே எஸ்/மைம் அல்லது பிஜிபி என்ற குறியாக்க முறையால் பூட்டி அனுப்பினால் நகலும் பூட்டியே இருக்கும். யாருக்கு என்பது தெரியும், என்ன என்பது தெரியாது. டிஎல்எஸ் அப்படி இல்லை. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான பாதையை மட்டும் பூட்டுவது, நகலைத் தொடாது.

ஓர் ஓட்டையை மட்டும் நீங்கள் அடைக்க வேண்டும். அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதினால் ‘சென்டர்_பிசிசி_மேப்ஸ்’ ஏமாந்துவிடும். ‘எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ்’ பட்டியலில் எந்தக் கணக்குக்கு எந்த முகவரி என்று எழுதி, ‘ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச்’ விதியைச் சேருங்கள். நகல் இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டிய பூட்டுதான்.

எவ்வளவு நாள் வைப்பது?

சட்டம் சொல்லும் காலம், அல்லது தொழிலில் தகராறு வரக்கூடிய காலம். அதற்கு ஒரு நாளும் கூடுதலாக வேண்டாம். டவ்காட் என்றால் ‘டவ்அட்மின் எக்ஸ்பஞ்ச்’ கட்டளையில் ‘சேவ்ட்பிஃபோர்’ நிபந்தனையோடு நாட்களைக் கொடுத்து, தினம் இரவு ஓடும்படி வைக்கலாம். பேக்கப்பிலும் அதே கணக்கு ஓட வேண்டும். பெட்டியில் அழித்துவிட்டு, பழைய பேக்கப் வட்டுகளில் ஐந்து வருட மெயிலை வைத்திருந்தால் அழித்ததாகச் சொல்ல முடியாது.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உங்கள் சொந்த முகவரியைப் பட்டியலில் முதலில் போடுங்கள். வேறு யாருடைய மெயிலையும் வைத்துச் சோதிக்காதீர்கள். வெளியே ஒரு முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு லாகைத் திறங்கள். ஒரே கியூ எண்ணின் கீழே இரண்டு ‘டு=’ வரிகள் இருக்க வேண்டும், ஒன்று வெளி முகவரி, மற்றது பெட்டகம். இரண்டின் கடைசியிலும் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’. பெட்டகத்துக்கு மூன்றாவதாக ஒரு வரி வந்தால் வடிகட்டிப் பிரச்சினை, மேலே பாருங்கள். அப்புறம் ஃபோனிலிருந்து ஒன்று, வெப்மெயிலிலிருந்து ஒன்று, பட்டியலில் இல்லாத சோதனைக் கணக்கிலிருந்து ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு நகல் வராமல் இருப்பதும் ஒரு சோதனைதான்.

நகல் எடுப்பதை நிறுத்த வேண்டும். கோப்பை அழித்தால் போதுமா?

கோப்பை மட்டும் அழித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் எழுதிய பட்டியலை மட்டும் அழித்தால், ‘போஸ்ட்மேப்’ அதிலிருந்து உருவாக்கிய கோப்பு இருக்கும்வரை நகல் போய்க்கொண்டேதான் இருக்கும். அதையும் சேர்த்து அழித்தால், மெயின்.சிஎஃப்-இல் உள்ள வரிப்படி போஸ்ட்ஃபிக்ஸ் இன்னும் அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காது. கிடைக்காதபோது போஸ்ட்ஃபிக்ஸ் நகல் இல்லாமல் அனுப்பிவிடாது, மெயிலையே வாங்காமல் “பிறகு முயற்சி செய்” என்று சொல்லிவிடும். அலுவலகத்தில் ஒருவராலும் எதையும் அனுப்ப முடியாது. முதலில் மெயின்.சிஎஃப்-இல் உள்ள வரியை எடுங்கள், ரீலோட் செய்யுங்கள், ஒரு மெயில் அனுப்பி லாகில் ஒரே ஒரு ‘டு=’ வரிதான் வருகிறதா என்று பாருங்கள், அதன் பிறகு இரண்டு கோப்புகளையும் அழியுங்கள். அதற்கு முன்பே வரிசையில் காத்திருந்த மெயில்களில் நகல் முகவரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதனால் வழக்கமான அமைப்பில் அடுத்த 5 நாள்வரை பெட்டகத்துக்கு ஒன்றிரண்டு வந்துகொண்டிருக்கலாம். பெட்டியை அதற்குப் பிறகு மூடுங்கள். நிறுத்திவிட்டோம் என்று ஊழியர்களுக்கும் அன்றே ஒரு மெயில் போடுங்கள்.